ஏப்ரல் கணக்கும் ஆட்டக்காரரின் தரமும்: பேஸ்பால் கேள்வி-பதில்

மேஜர் லீக் பேஸ்பால் பருவம் தொடங்கிய சில வாரங்களிலேயே வரத் தொடங்கிவிடும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. பெரும் பெயர் பெற்ற அவுட்ஃபீல்டர் (களத்தின் வெளிப்பகுதியைக் காக்கும் வீரர்) ஒருவர் அடிக்க முடியாமல் திணறுகிறார். அவருடைய அணியின் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதிடுகிறார்கள். ஆட்டக்காரர் ஆண்டுதோறும் மாறினாலும் வாதம் மாறுவதில்லை என்பதால், இம்முறை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கும் என் அண்ணனுக்கும் தினமும் சண்டை. வாழ்நாள் முழுவதும் .280 சராசரி வைத்திருக்கும் எங்கள் அணியின் நட்சத்திர அவுட்ஃபீல்டர், முதல் 100 மட்டை வாய்ப்புகளுக்குப் பின் .210-இல் நிற்கிறார். அவருடைய காலம் முடிந்துவிட்டது என்கிறேன் நான். பொறுத்திரு, இது ஒன்றுமே இல்லை என்கிறார் அண்ணன். யார் சொல்வது சரி?

பதில்: முதலில் அந்த இரண்டு எண்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து பார்ப்போம். பேஸ்பாலில் பேட்டிங் சராசரி என்பது, அடித்துப் பத்திரமாகப் பேஸை அடைந்த முறைகளை, அதாவது ஹிட்டுகளை, மட்டை வாய்ப்புகளால் வகுத்துக் கிடைப்பது. கிரிக்கெட் சராசரியைப் போல ஓட்டங்களின் கணக்கு அன்று. 100 வாய்ப்புகளில் .280 என்றால் 28 ஹிட்டுகள், .210 என்றால் 21. நீங்கள் இருவரும் தினமும் சண்டையிட்டுக்கொள்வது ஏழே ஏழு ஹிட்டுகளுக்காக. 100 வாய்ப்புகள் என்பது ஏறத்தாழ 25 ஆட்டங்கள் என்பதால், மூன்றரை ஆட்டத்துக்கு ஒரு ஹிட் குறைந்திருக்கிறது. பளீரென்று அடித்த பந்து நேராக எதிரணி வீரரின் கையுறைக்குள் போவதும், மட்டையின் விளிம்பில் பட்டுத் தளர்ந்து எழும்பிய பந்து இருவருக்கு நடுவே புல்லில் விழுவதும் அன்றாடம் நடப்பவை. அப்படி ஏழு பந்துகள் ஒரு மாதத்தில் ஒரே பக்கமாகச் சாய்வதற்குத் திறமைக் குறைவு காரணமாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

இதை நிகழ்தகவுக் கணக்காகவும் போட்டுப் பார்க்கலாம். உண்மையிலேயே .280 திறமையுள்ள ஒருவருக்கு 100 வாய்ப்புகள் கொடுத்தால், அதிர்ஷ்டம் ஒன்றினாலேயே அவருடைய சராசரி மேலும் கீழும் 45 புள்ளிகள் (.045) அசைவது மிக இயல்பு. அவர் .210 அல்லது அதற்கும் கீழே போவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஏழு. சிறிய எண்தான். ஆனால் 30 அணிகளில் அணிக்கு மூவர் வீதம் 90 அவுட்ஃபீல்டர்கள் ஆடுகிறார்கள். அவர்கள் எல்லோருமே .280 திறமை உள்ளவர்கள் என்று வைத்துக்கொண்டாலும், ஒவ்வோர் ஏப்ரலிலும் ஆறேழு பேர் எந்தக் குறையும் இல்லாமலேயே உங்கள் ஆட்டக்காரரின் நிலையில் நிற்பார்கள். அந்த ஆறேழு பேரின் ஊர்களிலும் இதே சண்டை நடக்கும்.

ஆகவே "காலம் முடிந்துவிட்டது" என்று நீங்கள் சொல்வதற்கு இந்த எண் போதாது. அதற்காக உங்கள் அண்ணன் சொல்லும் "ஒன்றுமே இல்லை" என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. நடந்தது என்ன என்பது ஒரு கேள்வி, இனி நடக்கப்போவது என்ன என்பது வேறொரு கேள்வி. ஏப்ரல் சராசரி முதல் கேள்விக்கு முழு விடை, இரண்டாவது கேள்விக்கு மிகப் பலவீனமான சாட்சி. நீங்கள் முதல் கேள்வியின் விடையைக் கொண்டு இரண்டாவதற்குத் தீர்ப்பு எழுதுகிறீர்கள். அண்ணனோ இரண்டாவது கேள்வியில் தமக்கிருக்கும் நம்பிக்கையைக் கொண்டு முதல் கேள்வியையே அழிக்கப் பார்க்கிறார்.

கேள்வி: மேலே சொன்னதையே தலைகீழாகக் கேட்கிறேன். .280 ஆட்டக்காரர் .210-இல் தொடங்கினால், கணக்கு நேராக வேண்டுமே! மீதிப் பருவத்தில் அவர் .300-க்கு மேல் அடித்துத்தானே ஆக வேண்டும்?

பதில்: வேண்டியதில்லை. இது பொறுமைக் கட்சியினரிடம் பரவலாக இருக்கும் தவறான நம்பிக்கை. பந்துக்கு நினைவு கிடையாது. ஏப்ரலில் இழந்த ஏழு ஹிட்டுகளை மே மாதம் திருப்பித் தரும் கடமை யாருக்கும் இல்லை. .280 ஆட்டக்காரரிடம் இனி எதிர்பார்க்கத் தக்கது .280 மட்டுமே. பருவம் முழுவதற்கும் 550 வாய்ப்புகள் என்று கொள்வோம். 100-இல் 21, மீதி 450-இல் .280 வீதம் 126, ஆக மொத்தம் 147 ஹிட்டுகள். இறுதிச் சராசரி .267 ஆக வரும். அவர் தம் பழைய தரத்துக்கு முழுமையாகத் திரும்பிய பின்னும், பருவ இறுதி அட்டவணையில் ஏப்ரலின் தழும்பு இருக்கும். தொலைந்த ஹிட் தொலைந்ததுதான். கோபக் கட்சியினரின் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

கேள்வி: 2025-இல் ஹுவான் சோட்டோவை மெட்ஸ் ரசிகர்கள் பாடாய்ப் படுத்தினார்களே, அந்த விவாதத்தில் கடைசியில் வென்றது யார்?

பதில்: இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஏனென்றால் அந்தப் பருவத்தின் முடிவு இரு தரப்பாரையும் ஒருசேரச் சங்கடப்படுத்தியது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024-இல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக ஆடி 41 ஹோம் ரன்கள் (எல்லைச் சுவரைத் தாண்டும் அடிகள்) அடித்த சோட்டோ, அந்த ஆண்டு டிசம்பரில் அதே நகரத்தின் மெட்ஸ் அணியுடன் 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஆண்டுக்குச் சராசரியாக 5.1 கோடி டாலர். இப்படிப்பட்ட தொகையோடு வந்தவர், மே மாத இறுதியிலும் .230-ஐ ஒட்டியே அடித்துக்கொண்டிருந்தார். அப்போது மூன்று விதமான குற்றச்சாட்டுகள் எழுந்தன. அவற்றைத் தனித்தனியே எடைபோட வேண்டும்.

ஒன்று, பணம் வந்ததும் பசி போய்விட்டது என்பது. இது மனத்துக்குள் புகுந்து பார்த்ததாகச் சொல்லும் வாதம், எந்த எண்ணாலும் நிறுவவோ மறுக்கவோ முடியாது. ஆனால் அந்த இரண்டு மாதங்களிலும் அவர் மோசமான எறிகளை விட்டுவிட்டு வாக் பெறுவது (நான்கு மோசமான எறிகளுக்கு ஈடாக அடிக்காமலேயே முதல் பேஸை அடைவது) நிற்கவில்லை, பந்து மட்டையிலிருந்து பறந்த வேகமும் குறையவில்லை. பசி போனவர் முதலில் இழப்பது பொறுமையையும் கூர்மையையும்தான், அவையிரண்டும் அவரிடம் அப்படியே இருந்தன.

இரண்டு, யாங்கீஸில் அவருக்கு அடுத்து ஆரன் ஜட்ஜ் மட்டை பிடித்ததால்தான் 2024-இல் பந்து எறியும் பிட்சர்கள் அவருக்கு நல்ல எறிகளைத் தந்தார்கள், அந்தப் பாதுகாப்பு போனதும் வீழ்ந்தார் என்பது. கேட்பதற்கு இது மிகவும் பொருத்தமாகப் படும். பின்னால் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்து பிட்சர் ஒருவருக்கு வாக் கொடுக்கத் துணிவது கூடலாம், குறையலாம். ஆனால் ஒருவர் அடித்த பந்து எவ்வளவு பலன் தருகிறது என்பதைப் பின்னால் நிற்பவர் பெரிதாக மாற்றுவதில்லை என்பதே இதைக் கணக்கிட்டுப் பார்த்தவர்களின் பொதுவான முடிவு. ஜட்ஜ் பின்னால் இல்லாமலேயே அந்தப் பருவத்தை சோட்டோ 43 ஹோம் ரன்களோடு முடித்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது குற்றச்சாட்டு, ஓடவில்லை என்பது. மே மாதத்தில் பாஸ்டனின் ஃபென்வே மைதானத்தில், ஹோம் ரன் என்று நம்பி அவர் நின்று பார்த்த பந்து இடப்புறத்து உயரமான சுவரில் பட்டுத் திரும்பி வர, இரண்டாவது பேஸை எட்டியிருக்க வேண்டியவர் முதல் பேஸில் நிற்க நேர்ந்தது. இந்த இடத்தில் நான் கோபப்பட்ட ரசிகர்களின் பக்கம். சராசரியில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு உண்டு, ஓடுவதில் கிடையாது. ஒரு மாதத்தை வைத்து ஒருவருடைய திறமையைத் தீர்மானிக்க முடியாது என்று சொல்லும் நானே, ஒரே ஓர் ஓட்டத்தை வைத்து அந்த ஓட்டத்தைக் குறை சொல்ல முடியும் என்றும் சொல்வேன். அந்தக் குறையைச் சொன்னதில் தவறில்லை, அதிலிருந்து அவருடைய குணத்துக்கே தீர்ப்பு எழுதியதுதான் தவறு. அதற்கு முன் எந்தப் பருவத்திலும் 12 பேஸ்களுக்கு மேல் திருடியிராத (பந்து அடிபடாமலேயே ஓடி அடுத்த பேஸை எட்டுவதே திருடுவது) அவர், முதல் பேஸ் பயிற்சியாளர் அன்டோன் ரிச்சர்ட்சனுடன் உழைத்து அந்த ஆண்டு 38 பேஸ்கள் திருடினார். கால்களுக்காகத் திட்டு வாங்கியவர் கால்களால் பதில் சொன்னதைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே நெகிழ்ச்சியாக இருந்தது.

ஆண்டு இறுதியில் அவருடைய கணக்கு: சராசரி .263, 43 ஹோம் ரன்கள், 127 முறை வாக். மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் மதிப்புமிகு வீரர் வாக்கெடுப்பில் மூன்றாம் இடம். பொறுமைக் கட்சி வென்றது என்று இத்துடன் முடித்துவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் மெட்ஸ் அணியின் கதை வேறு திசையில் போனது. சோட்டோ தடுமாறிக்கொண்டிருந்த காலத்தில் அணி வென்றுகொண்டே இருந்தது. ஜூன் 12 அன்று 45 வெற்றி, 24 தோல்வி என்று மேஜர் லீக் முழுவதிலும் முதலிடத்தில் நின்றது. அவர் வெளுத்து வாங்கத் தொடங்கிய பிறகு அணி சரிந்தது. எஞ்சிய ஆட்டங்களில் 38 வெற்றி, 55 தோல்வி. பருவத்தின் கடைசி நாளில் சின்சினாட்டி ரெட்ஸோடு 83 வெற்றி, 79 தோல்வி என்ற சமநிலையில் முடிந்து, நேருக்கு நேர் ஆட்டங்களில் ரெட்ஸ் மேலோங்கியிருந்ததால் அடுத்த சுற்றுக்குப் போக முடியாமல் வெளியேறியது. இன்னும் ஒரே ஒரு வெற்றி இருந்தால் போதும்.

அந்த ஒரு வெற்றி ஏப்ரலில் சோட்டோவால் வந்திருக்கலாம் என்று கோபக் கட்சியினர் சொன்னால் என்னால் மறுக்க முடியாது. ஏப்ரல் ஆட்டத்துக்கும் செப்டம்பர் ஆட்டத்துக்கும் அட்டவணையில் ஒரே மதிப்புதான். ஆனால் பிட்சர்கள் தளர்ந்த ஜூலையிலும் ஆகஸ்டிலும் கைநழுவிய ஆட்டங்கள் எத்தனையோ இருக்க, ஒரு மனிதரின் முதல் இரண்டு மாதங்களை மட்டும் பொறுக்கியெடுத்து அணியின் தோல்விக்குக் காரணம் ஆக்குவது நேர்மையான கணக்கு ஆகாது.

கேள்வி: சராசரியைப் பார்க்காதே என்றால், முதல் மாதத்தில் வேறு எதைத்தான் பார்ப்பது? கண்ணை மூடிக்கொண்டு நம்புவதா?

பதில்: கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, சீக்கிரம் நிலைபெறும் எண்களைப் பார்க்க வேண்டும். எல்லா எண்களும் ஒரே வேகத்தில் உண்மையைச் சொல்வதில்லை. ஒருவர் எத்தனை முறைக்கு ஒரு முறை ஸ்ட்ரைக்-அவுட் ஆகிறார் (மூன்று ஸ்ட்ரைக்குகளில் ஆட்டமிழக்கிறார்) என்பது ஏறத்தாழ 60 வாய்ப்புகளிலேயே நம்பத் தகுந்த அளவுக்கு நிலைபெறத் தொடங்குகிறது. வாக் பெறும் விகிதத்துக்கு அதைப் போல் இரு மடங்கு, சுமார் 120 வாய்ப்புகள் தேவை. பேட்டிங் சராசரிக்கோ 900-க்கு மேல் வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. அதாவது ஒரு முழுப் பருவம்கூடப் போதாது. எல்லா ரசிகர்களும் எல்லாத் தொலைக்காட்சித் திரைகளிலும் முதலில் பார்ப்பது, இருப்பவற்றில் மிகவும் மெதுவாக உண்மை பேசும் எண்ணைத்தான் என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

ஆகவே உங்கள் ஆட்டக்காரரிடம் இந்த வரிசையில் கேளுங்கள். வழக்கத்தைவிட அதிகமாக ஸ்ட்ரைக்-அவுட் ஆகிறாரா? நல்ல எறி வர வேண்டிய எல்லையான ஸ்ட்ரைக் மண்டலத்துக்கு வெளியே போகும் எறிகளைத் துரத்துகிறாரா? ஆம் என்றால் பிட்சர்கள் அவரிடம் ஏதோ ஓட்டையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று கவலைப்படலாம். உயரமாக வரும் வேகப்பந்துக்கு மட்டை தாமதமாக வருகிறது, அதை ஈடுகட்ட அவசரப்பட்டுத் தொடங்குவதால் வெளிப்புறம் வளைந்து விலகும் ஸ்லைடர் எறிக்கு ஏமாறுகிறார் என்பது வயது ஏறும் நட்சத்திரங்களிடம் அடிக்கடி காணும் இரட்டை நோய். ஒன்றுக்கு மருந்து சாப்பிட்டால் மற்றொன்று பெருகும்.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் இல்லை என்று பதில் வந்தால், அடுத்து அவர் அடித்த பந்துகளைப் பாருங்கள். 2015 முதல் எல்லா மேஜர் லீக் மைதானங்களிலும் ஸ்டாட்காஸ்ட் கருவிகள் பந்தின் வேகத்தையும் கோணத்தையும் அளந்து பொதுமக்களுக்குத் தருகின்றன. மணிக்கு 95 மைல் வேகத்துக்கு மேல் மட்டையை விட்டுக் கிளம்பும் பந்தைப் பலமாக அடித்த பந்து என்று வகைப்படுத்துகிறார்கள். 2024 முதல் மட்டை சுழலும் வேகமும் வெளியாகிறது. முதுமையோ காயமோ முதலில் தலைகாட்டும் இடம் இதுதான் என்பதால், நான் தனிப்பட்ட முறையில் ஏப்ரலில் முதலில் தேடுவது மட்டை வேகத்தை.

களத்துக்குள் விழுந்த பந்துகளில் எத்தனை ஹிட் ஆயின என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மேஜர் லீக் முழுமைக்கும் இது ஆண்டுதோறும் .290-க்கும் .300-க்கும் இடையில் இருப்பது வழக்கம். 21 ஹிட் அடித்த அந்த ஆட்டக்காரர் 22 முறை ஸ்ட்ரைக்-அவுட் ஆகி, 4 ஹோம் ரன்கள் அடித்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். களத்துக்குள் போன பந்துகள் 74, அவற்றில் ஹிட் ஆனவை 17, ஆக .230. பந்தைப் பலமாகவே அடித்துக்கொண்டிருந்தும் இப்படியென்றால், .300-க்கு அருகில் திரும்பும் நாளில் அதே 74 பந்துகள் 22 ஹிட்டுகளாகும், சராசரி .260-ஐத் தொடும். பந்துகள் எல்லாம் மந்தமாகத் தரையில் உருண்டவை என்றால் இந்தச் சமாதானம் செல்லாது. அப்படி அடித்துக்கொண்டு அதிர்ஷ்டத்தின் மேல் பழிபோடுவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது.

கேள்வி: குளிரில் பந்து தூரம் போகாது என்கிறார்களே, அது சாக்குதானே?

பதில்: இல்லை, இயற்பியல். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, பந்தை அதிகமாகத் தடுக்கும். நன்கு அடித்த நீண்ட பந்து ஒன்று, வெப்பநிலை 10 ஃபாரன்ஹீட் டிகிரி குறையும்போது ஏறத்தாழ 3 அடி தூரம் இழக்கிறது. ஏப்ரல் இரவுக்கும் ஜூலைப் பகலுக்கும் 40 டிகிரி வேறுபாடு இருக்கும் ஊர்களில் அது 12 அடி. ஹோம் ரன்னுக்கும் சுவரோரம் பிடிபடும் பந்துக்கும் உள்ள இடைவெளி பல நேரங்களில் அதைவிடக் குறைவு. ஆனால் அந்தக் குளிர் எல்லா மட்டையாளர்களுக்கும் பொது என்பதால், ஒருவர் மட்டும் திணறுவதற்கு இதை முழுக் காரணமாகக் காட்ட முடியாது.

கேள்வி: சொந்த மைதானத்தில், சொந்த ரசிகர்களே கூச்சலிட்டு அவமதிப்பது எந்த வகை அன்பு? அனுமதிச் சீட்டுக்குப் பணம் கொடுத்தவருக்கு அந்த உரிமை உண்டு என்கிறார் என் தோழி.

பதில்: உரிமை உண்டு. பயன் உண்டா என்பதுதான் என் கேள்வி. 2024 ஏப்ரல் 20 அன்று யாங்கீ மைதானத்தில் ஆரன் ஜட்ஜ் நான்கு முறை ஸ்ட்ரைக்-அவுட் ஆனபோது, அந்த மைதானத்தின் சொந்த ரசிகர்களே கூச்சலிட்டார்கள். இரண்டே ஆண்டுகளுக்கு முன் 62 ஹோம் ரன்களோடு அமெரிக்கன் லீக் சாதனை படைத்தவர், அணியின் தலைவர். அந்த மாதத்தை .207-இல் முடித்த அவர், பருவத்தை முடித்தபோது சராசரி .322, 58 ஹோம் ரன்கள், 144 ரன்களை உள்ளே கொண்டுவந்த கணக்கு, ஒருமனதான மதிப்புமிகு வீரர் விருது. கூச்சல்தான் அவரை எழுப்பியது என்று சொல்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அந்த ஏப்ரலிலும் அவர் வாக் பெற்றுக்கொண்டே இருந்தார். பயிற்சியாளர் ஆரன் பூன் அவரை மட்டை வரிசையில் கீழே இறக்கவும் இல்லை. எழுவதற்கு வேண்டியவை எல்லாம் கூச்சலுக்கு முன்பே அங்கிருந்தன.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சி, இன்றைக்கும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது, புரூக்ளினில் நடந்தது. அவுட்ஃபீல்டர் அல்லர், முதல் பேஸ் ஆட்டக்காரர் கில் ஹாட்ஜஸ். 1952-இல், பருவத்தின் பட்டத்தை முடிவுசெய்யும் உலகத் தொடரில் 21 வாய்ப்புகளில் ஒரு ஹிட்கூட அவரால் அடிக்க முடியவில்லை. அந்தத் தொடரில் அவருடைய அணியான புரூக்ளின் டாட்ஜர்ஸ் தோற்றது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலும் அதே தவிப்பு. புரூக்ளின் மக்கள் அவரைக் கூச்சலிட்டுத் துரத்தவில்லை. அறிவுரைக் கடிதங்களும் ஜெபமாலைகளும் அனுப்பினார்கள். வெயில் கொளுத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவ்வூர்ப் பாதிரியார் ஒருவர் பிரசங்கத்தை விட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் ஹாட்ஜஸுக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பினார். ஹாட்ஜஸ் 1953-ஐ .302 சராசரியோடும் 31 ஹோம் ரன்களோடும் முடித்தார். பிரார்த்தனை பலித்ததா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. தரமான ஆட்டக்காரர்கள் கூச்சலுக்குப் பிறகும் எழுகிறார்கள், அன்புக்குப் பிறகும் எழுகிறார்கள். இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோகும் என்றால், நான் எந்த ஊர் ரசிகனாக இருக்க விரும்புவேன் என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

கேள்வி: எல்லா உதாரணமும் மீண்டவர்களைப் பற்றியே இருக்கிறதே. மீளாதவர்கள் இல்லையா?

பதில்: உங்கள் கண்டிப்பு நியாயமானது. மீண்டவர்களின் கதையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் எந்தச் சரிவும் தற்காலிகம் என்ற மயக்கம் வந்துவிடும்.

கோடி பெல்லிஞ்சரை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுக்காக .305 சராசரி, 47 ஹோம் ரன்கள், மதிப்புமிகு வீரர் விருது. 2020 அக்டோபரில் நேஷனல் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் வெற்றிக்கு வழிவகுத்த ஹோம் ரன்னை அடித்துவிட்டு, தோழர் ஒருவரோடு முன்கைகளை மோதிக் கொண்டாடியபோது அவருடைய வலது தோள் மூட்டு விலகியது. இடக்கை மட்டையாளர் ஆகையால், அது மட்டையை முன்னே இழுத்துச் செல்லும் தோள். அறுவைச் சிகிச்சைக்குப் பின் வந்த 2021 பருவத்தில் 95 ஆட்டங்களில் .165. அந்த வசந்த காலத்தில் காலிலும் எலும்பு விரிசல். மீண்டுவிடுவார் என்று 2022-இலும் எல்லோரும் காத்திருந்தார்கள், அந்த ஆண்டு .210. இந்தத் தடவை பொறுமைக் கட்சி தோற்றது. ஆண்டு இறுதியில் டாட்ஜர்ஸ் அவரைப் புதிய ஒப்பந்தம் தராமல் விட்டுவிட்டது. அடுத்த ஆண்டு சிகாகோ கப்ஸுக்குப் போய் .307 சராசரியும் 26 ஹோம் ரன்களும் அடித்தார் என்பது வேறு. அந்த இரண்டு ஆண்டுகள் டாட்ஜர்ஸ் ரசிகர்கள் கண்டது அதிர்ஷ்டக் குறைவை அன்று, காயப்பட்ட உடலை.

மில்வாக்கியின் கிறிஸ்டியன் யெலிச்சும் அப்படித்தான். 2018-இல் மதிப்புமிகு வீரர், 2019-இல் 44 ஹோம் ரன்கள். அந்த செப்டம்பரில் தாம் அடித்த பந்தே முழங்கால் சில்லில் பட்டு எலும்பு முறிந்தது. 2020-இல் .205. பின்னர் நல்ல ஆட்டக்காரராகத் திரும்பினாரே தவிர, 44 ஹோம் ரன்கள் அடித்த அந்த மனிதர் திரும்பவில்லை.

எனவே திணறலுக்குப் பின்னால் தெரிந்த காயம் ஒன்று இருந்து, பந்தின் வேகமும் குறைந்திருந்தால், என் பொறுமையின் நாள்கணக்கு சட்டென்று சுருங்கிவிடும்.

கேள்வி: அடிக்கவே அடிக்காவிட்டாலும் சிலரைத் தினமும் ஆட விடுகிறார்களே?

பதில்: அவுட்ஃபீல்டர் மட்டையோடு மட்டும் களத்துக்கு வருவதில்லை. 8 ஆண்டுகளுக்கு 18.4 கோடி டாலர் ஒப்பந்தத்தோடு 2016-இல் கப்ஸுக்கு வந்த ஜேசன் ஹேவர்ட் அந்தப் பருவத்தை .230 சராசரியோடுதான் முடித்தார். வலப்புற அவுட்ஃபீல்டில் அவர் தடுத்த ஓட்டங்களுக்காக அந்த ஆண்டு தங்கக் கையுறை விருது பெற்றார். மட்டையின் குறையை அது முழுவதும் ஈடுசெய்தது என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: பயிற்சியாளர் என்ன செய்ய வேண்டும்? மட்டை வரிசையில் ஏழாம் இடத்துக்கு இறக்க வேண்டுமா, சில நாள் உட்கார வைக்க வேண்டுமா, நம்பி விட்டுவிட வேண்டுமா?

பதில்: வரிசையில் இறக்குவதால் ரசிகர்கள் நினைக்கும் அளவுக்கு லாபமோ நட்டமோ வருவதில்லை. வரிசையில் ஒவ்வோர் இடம் கீழே போவதும் 162 ஆட்டங்களில் சுமார் 18 வாய்ப்புகளைக் குறைக்கும், ஒரு மாதத்துக்கு மூன்று. ஓரிரு நாள் ஓய்வு உடலுக்கு நல்லது. இவற்றைவிடப் பெரியது, ஆட்டக்காரர் நாளைக்கும் தம் பெயர் பட்டியலில் இருக்கும் என்று தெரிந்து உறங்கப் போகிறாரா என்பது.

1951 மே 25 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு 20 வயது சென்டர் ஃபீல்டர் ஒருவர் வந்து சேர்ந்தார். அதற்கு முன் ஜயன்ட்ஸின் கீழ்நிலை அணியான மினியாபொலிஸில் .477 அடித்துக்கொண்டிருந்த வில்லி மேஸ். முதல் மூன்று ஆட்டங்களில் 12 வாய்ப்புகள், ஒரு ஹிட்டும் இல்லை. நான்காவது ஆட்டத்தில் வாரன் ஸ்பான் எறிந்த பந்தை ஹோம் ரன் அடித்தார். பிறகு மறுபடியும் வறட்சி. மொத்தம் 26 வாய்ப்புகளில் ஒரே ஒரு ஹிட். இந்த லீக் எனக்கு முடியாது, என்னைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று பயிற்சியாளர் லியோ டுரோச்சரிடம் கண்ணீரோடு கேட்டார். நான் இங்கே பயிற்சியாளராக இருக்கும்வரை நீதான் என் சென்டர் ஃபீல்டர் என்ற பொருளில் டுரோச்சர் பதில் சொன்னார். சொன்னபடியே நாள்தோறும் ஆட வைத்தார்.

மேஸ் அந்த ஆண்டை .274 சராசரியோடும் 20 ஹோம் ரன்களோடும் முடித்துச் சிறந்த புதுமுக வீரர் ஆனார். அந்த முதல் வாரத்தில் இழந்த ஹிட்டுகள் திரும்பி வரவில்லை. ஜயன்ட்ஸும் புரூக்ளின் டாட்ஜர்ஸும் பருவ இறுதியில் சமநிலையில் முடிந்து, மூன்று ஆட்டங்களில் முடிவு காண வேண்டி வந்தது. மே மாதத்தில் ஒரு ஹிட் கூடுதலாக விழுந்திருந்தால் அந்த மூன்று ஆட்டங்களே தேவைப்பட்டிராமல் போயிருக்கலாம். அக்டோபர் 3 அன்று, மூன்றாவது ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் பாபி தாம்சன் அடித்த பந்து இடப்புறச் சுவரைத் தாண்டி ஜயன்ட்ஸுக்குப் பட்டத்தைத் தந்தபோது, அடுத்த மட்டையாளருக்கான வட்டத்தில் தம் முறைக்காகக் காத்திருந்தவர் வில்லி மேஸ்.